வாத்தியார் வீட்டுத் துக்கத்தில் பழைய மாணவர்கள் செய்யும் தவறுகள்

வடசென்னையில் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ முப்பது வருஷம் பாடம் நடத்திய வாத்தியார் காலமானால், சொந்தக்காரர்களுக்குச் சமமாகப் பழைய மாணவர்களும் வந்து நிற்பார்கள். பாசத்தில் குறையே இல்லை. விவரம் தெரியாமல்தான் துக்க வீட்டுக்குப் பாரமாகிவிடுகிறார்கள்.

பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியை அப்படியே பத்து குழுவுக்குத் தள்ளாதீர்கள். ஒரே ஒருவர் வீட்டாரிடம் பேசி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த மயானம், தகனமா அடக்கமா என்று கேட்டுப் போட்டால் போதும். நாற்பது பேர் தனித்தனியாகப் போன் செய்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அழக்கூட நேரமிருக்காது. இறந்தவர் உடலைப் படமெடுத்துப் போடவே கூடாது.

"மூணு மணிக்கு எடுக்கிறாங்க" என்றால் ஒரு மணிக்கே போய்விடுங்கள். கடைசி நேரம் குளிப்பாட்டுவது, கோடி போடுவது, வாய்க்கரிசி என்று உறவுமுறைக்கானது. அப்போது மாலையோடு நடுவில் புகுந்தால் எல்லாம் தள்ளிப்போகும். கார் வேண்டாம். சந்துக்குள் ஒரு கார் நின்றாலே அமரர் ஊர்தி வாசலுக்கு வராது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-லேயே மெட்ரோ வந்துவிட்டது, இறங்கி நடக்கலாம்.

மாலை விஷயத்தில்தான் தவறு அதிகம். பத்துக்குப் பத்து கூடத்தில் ஐஸ் பெட்டியே பாதி இடத்தை அடைத்துவிடும். ஆளுக்கொரு ரோஜா மாலையை அதன்மேல் அடுக்கினால் கண்ணாடி வழியே முகம் தெரியாது. ஊரிலிருந்து கடைசியாக வரும் தங்கச்சி, அண்ணன் முகத்தைப் பார்க்க ஒவ்வொரு மாலையாக எடுத்துப் போடவேண்டும். மெஷின் பக்கத்துக் காற்றுத் துவாரங்களைப் பூ மூடினால் சூடேறிக் குளிர்ச்சி குறையும். மூடியைத் திறக்கச் சொன்னாலும் அதேதான், குளிர் வெளியே போய்விடும். பேட்சுக்கு ஒரு மாலை, அதுவும் கால்மாட்டில். மிச்சப் பணத்தைக் கவரில் போட்டு, செலவைப் பார்த்துக்கொள்ளும் மருமகனிடமோ தம்பியிடமோ கொடுங்கள். அழுதுகொண்டிருக்கும் அம்மா கையில் திணிக்காதீர்கள்.

வாத்தியார் இஸ்லாமியர் என்றால் மாலையே வாங்கவேண்டாம். அடக்கம் சீக்கிரம் நடந்துவிடும். ஜனாஸா தொழுகையின்போது அமைதியாக ஓரம் நில்லுங்கள். கிறிஸ்தவர் என்றால் தேவாலய ஆராதனை எத்தனை மணிக்கு என்று தனியாகக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து ஏமாறாதீர்கள்.

"என்னைத் தெரியுதாம்மா?" என்று அந்த அம்மாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். "92 பேட்ச், பத்தாவது பி, சார்கிட்ட கணக்கு படிச்சேன்" என்று நீங்களே சொல்லுங்கள். "எப்படி ஆச்சு?" என்ற கேள்வியைக் காலையிலிருந்து நூறு பேர் கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் அவர் வகுப்பில் செய்த ஒன்றைச் சொல்லலாம்: ஃபீஸ் கட்டியது, தப்பான கணக்குக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சரியான வழியையும் எழுதிக் கொடுத்தது. பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாத அப்பா அது. நீளமாகப் பேச இருப்பதைப் படத்திறப்பு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோள் கொடுக்க உறவுக்காரர்களுக்கு முறை உண்டு, கேட்காமல் பாடையைத் தொடக்கூடாது. ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி என்றால் அவர்களே கூப்பிடுவார்கள். படி திரும்பும் இடத்தில் கீழே நிற்பவர்மேல்தான் பாரம் இறங்கும், பலமானவர் அங்கே நிற்கட்டும். ஊர்வலத்தில் மாலையைப் பிய்த்து ரோட்டில் வீசாதீர்கள். நசுங்கிய பூவில் டூவீலர் சறுக்கும்.

மூலக்கொத்தளம் மயானத்துக்குக் கொண்டுபோனால் ஒன்று: இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்நீத்த தாளமுத்து, நடராசன் நினைவிடத்தோடு, தமிழாசிரியர்களின் சம்பளத்துக்காகப் போராடிய டாக்டர் தருமாம்பாள் நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது. தமிழய்யாவை வழியனுப்ப வந்தவர்கள் அங்கேயும் ஒரு பூ வைக்கலாம்.

கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லும் வழக்கமில்லை. கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

பலரும் அன்றோடு மறந்துவிடுகிறார்கள், உதவி தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஓய்வூதிய அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்காவிட்டால், தொடர்ந்து ஏறிய பென்ஷனைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு போடும்போதே, அரசு ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்குப் பிடித்தம் செய்திருந்தார்களா என்று பாருங்கள். 50,000 ரூபாய் வரும். பேட்சில் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மாவோடு கூடப் போகட்டும், இறப்புச் சான்றிதழ் நகல் பத்து எடுத்துக்கொண்டு.