தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லையா?

நிராகரிப்புக் கடிதம் வந்த அன்றே வேறு துறைக்கு மாறிவிட வேண்டாம். எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழையும் அந்தக் கல்லூரியின் தகுதி அறிவிப்பையும் மேசைமேல் அருகருகே வைத்து, எந்த இடத்தில் குறை விழுந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பட்டர்வொர்த்தில் என் அக்காள் மகள் 'எல்லாப் பாடத்திலும் தேர்ச்சிதானே' என்று அழுதுகொண்டிருந்தபோது, கணிதத்துக்கு எதிரே இருந்த 'டி'யைத்தான் யாரும் கவனிக்கவில்லை. டி என்பது தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் எனப்படும் மேல்நிலைத் தேர்ச்சி ஆகாது. கிரெடிட்டுக்குக் குறைந்தது 'சி' வேண்டும். மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் டிப்ளோமா படிப்புகள் பொதுவாகக் கிரெடிட் கேட்கின்றன. குறைந்த பாடத்தை மட்டும் பள்ளி வழியாக அல்லாமல் தனியார் தேர்வராகப் பதிந்து மீண்டும் எழுதலாம். அவள் அதைத்தான் செய்தாள்.

தகுதி இருந்தும் இடம் கிடைக்காதிருந்தால், மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதியை உடனே பாருங்கள், அதற்குப் பெரும்பாலும் சில நாள்களே அவகாசம் இருக்கும்.

மனம் நொந்திருக்கும் இந்த நேரத்தில்தான் 'இன்றே பணம் கட்டினால் இடம் உறுதி' என்ற தொலைபேசி அழைப்புகளும் வரும். முன்பணம் செலுத்துவதற்கு முன், அந்தப் படிப்புக்கு மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று வாரியத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பில் மூன்று ஆண்டுகளைச் செலவிட்டாலும், பதிவுபெற்ற தாதியாகப் பணியாற்ற அது வழிவிடாது.