கட்டுமானக் கார்பன் கணக்கு எங்கே பிசகுகிறது?

சைட்டில் கார்பன் கணக்கு எடுக்கச் சொன்னால் பலரும் முதலில் தேடுவது ஜெனரேட்டர் டீசல் பில்லையும் ஈ.பி. பில்லையும்தான். இரண்டும் ஃபைலில் தயாராக இருக்கும். ஆனால் ஒரு சாதாரண அடுக்குமாடியைக் கட்டி முடிக்கும் வரை வெளியாகும் கார்பனில் பெரும்பங்கு சிமென்டிலும் கம்பியிலும் இருக்கிறது.

ஒரு லோடு எம்-சாண்டை எடுத்துக்கொள்வோம். நாலு யூனிட் டிப்பர், குவாரி 60 கி.மீ. தூரம். லோடோடு வரும்போது லிட்டருக்கு 3.5 கி.மீ., காலியாகப் போகும்போது 5 கி.மீ. என்று வைத்தால் ஒரு நடைக்குச் சுமார் 29 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக 78 கிலோ. காலி நடையைச் சேர்க்க மறப்பதும் வழக்கமான தவறுதான், அதில் 32 கிலோ விடுபடும். இருந்தாலும் ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லாண்ட்) சிமென்ட் இரண்டே மூட்டைக்குச் சுமார் 90 கிலோ வந்துவிடுகிறது. டிப்பர் லாக் புத்தகத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, சிமென்டுக்கு ஏதோ ஒரு சராசரி எண்ணைப் போட்டால் அந்த உழைப்பு வீண்.

சிமென்டில் எரிபொருள் பாதிக் கதைகூட இல்லை. சுண்ணாம்புக்கல் சூளையில் வெந்து கிளிங்கராகும்போது (இந்தக் கட்டிகளை அரைத்துத்தான் சிமென்ட் செய்கிறார்கள்), ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு கல்லிலிருந்தே பிரிந்து வருகிறது. எனவே மூட்டை எண்ணிக்கையைவிடக் கிளிங்கர் விகிதம் முக்கியம். எம்25 கிரேடு காங்கிரீட் 100 கன மீட்டர், கன மீட்டருக்கு 340 கிலோ சிமென்ட் என்று கொள்வோம். ஓ.பி.சி. என்றால் கிலோவுக்கு 0.9 கிலோ வீதம் 30.6 டன் கார்பன் டை ஆக்சைடு. 30 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் 0.65 வீதம் சுமார் 22 டன். பில்லில் ‘சிமென்ட்’ என்று மட்டும் இருந்தால் இந்த எட்டரை டன் எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாது.

ரெடிமிக்ஸில் இன்னொரு சிக்கல். பல பிளாண்டுகள் ஓ.பி.சி. வாங்கி, சாம்பலைத் தாங்களே சேர்க்கின்றன. பி.பி.சி.யின் எண்ணையும் போட்டு, சாம்பலுக்குத் தனியாகவும் கழித்தால் ஒரே சாம்பலுக்கு இரண்டு தள்ளுபடி. டெலிவரி சலானில் கிரேடு மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். எதை எவ்வளவு கலந்தார்கள் என்று காட்டும் மிக்ஸ் டிசைன் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பிக்கு, இணையத்தில் கிடைத்த பிரிட்டன் தரவுத்தள எண்ணை அப்படியே ஒட்டுவது பரவலான பழக்கம். பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்த கம்பிக்கும், நிலக்கரியைக் கொண்டு தாதுவிலிருந்து எடுத்த இரும்பில் செய்த கம்பிக்கும் பல மடங்கு வித்தியாசம். இந்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட பசுமை எஃகு வரையறையே ஒரு டன் எஃகுக்கு 2.2 டன் உமிழ்வு என்ற வரம்பில்தான் தொடங்குகிறது. ஆலையின் உற்பத்தி முறை தெரியாவிட்டால் இந்தியச் சராசரிக்கு நெருக்கமாக 2.5 என்று போடுங்கள். குறைத்துப் போட்டுப் பின்னால் திருத்துவதைவிட அது நேர்மை.

அளவுகளில் ‘யூனிட்’ என்ற சொல் நம்மூரில் ஆளைக் கவிழ்க்கும். மணலுக்கும் ஜல்லிக்கும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எம்-சாண்ட் என்றால் சுமார் 4.5 டன். உமிழ்வு எண்களோ பெரும்பாலும் டன்னுக்குத் தரப்படுபவை. அதே எக்செல் ஷீட்டில் கரண்ட் யூனிட்டும் இருக்கும். அதற்கு இந்திய மின்கட்டமைப்பில் கிலோவாட் மணிக்குச் சுமார் 0.7 கிலோ. தலைப்பில் ‘யூனிட்’ என்று எழுதாமல் டன், கன மீட்டர், கிலோவாட் மணி என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

சேதாரத்தையும் பார்க்க வேண்டும். வரைபடத்திலிருந்து அளவு எடுத்தால் சேதார சதவீதத்தைக் கூட்ட வேண்டும். கொள்முதல் பில்லிலிருந்து எடுத்தால் கூட்டக் கூடாது, அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மிச்சக் கம்பியைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டதற்காக மொத்தத்தில் கழிப்பதும் தவறு. கட்டடங்களின் சுற்றுச்சூழல் தாக்கத்தைக் கணக்கிடும் இ.என். 15978 என்ற ஐரோப்பியத் தரநிலை அந்த ஆதாயத்தை ‘டி’ பிரிவில் தனியாகக் காட்டச் சொல்கிறது. பொருள் உற்பத்தி (ஏ1–ஏ3), போக்குவரத்து (ஏ4), தள வேலை (ஏ5) ஆகியவற்றோடு அதைக் கலக்கக் கூடாது.

கடைசியில் எந்தப் பரப்பால் வகுக்கிறீர்கள்? மொத்தம் 400 டன், எஃப்.எஸ்.ஐ. (தளப்பரப்புக் குறியீடு) கணக்கில் வரும் பரப்பு 1,000 சதுர மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 400 கிலோ. எஃப்.எஸ்.ஐ.யில் சேராத 250 சதுர மீட்டர் ஸ்டில்ட் பார்க்கிங்கையும் (தூண்களுக்கு நடுவே திறந்திருக்கும் தரைத்தள வாகன நிறுத்தம்) சேர்த்தால் 320. தூணும் கம்பியும் அங்கேயும்தான் போயிருக்கின்றன என்பதால் ஸ்டில்ட்டைச் சேர்ப்பதே சரி. ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்ட இன்னொரு கட்டடத்துக்கும் அதே முறையில் வகுத்திருக்கிறார்களா, அது சதுர மீட்டரா சதுர அடியா என்று அந்தத் தாளைப் புரட்டிப் பாருங்கள்.