செல்லுக்குள் புரதம் ஓட்டும் வண்டியைப் பார்ப்பது எப்படி?

புரதம் பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. அது செய்கிற வேலை தெரியும். லேசர், ஒளிரும் சாயம் எதுவும் வேண்டாம்; ஒரு கொத்து ஹைட்ரில்லா செடி போதும்.

1. செடி: சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கேளுங்கள். அது மிதந்த தொட்டித் தண்ணீரையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் சரிப்படாது. நம்ம ஊர் வெயிலில் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் இலை வெந்துவிடும், நேராக வீட்டுக்கு வாருங்கள்.

2. ஸ்லைடு: நுனிப் பக்கத்து இளம் இலை ஒன்றைக் கிள்ளி, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டில் வைத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மூடுங்கள். இலையின் கனமே இரண்டு செல் அடுக்குதான். பிளேடால் சீவ வேண்டாம்.

3. ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அதன் விளக்கை எரியவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். ஏசி அறையில் குளிர்ந்த இலை மந்தமாகத்தான் இருக்கும்.

4. 10 மடங்கு லென்ஸில் நடுநரம்பைப் பிடித்து, 40 மடங்குக்கு மாறுங்கள். நரம்பையொட்டிய நீளமான செல்களைத் தேடுங்கள். பச்சை மணிகள் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மூலை வந்ததும் வளைந்து, எதிர்ச்சுவர் வழியாகத் திரும்பும். அவைதான் பசுங்கணிகங்கள்.

சில மணிகள் நின்ற இடத்திலேயே நடுங்கும். அதைப் பார்த்துவிட்டு ‘ஓடுகிறது’ என்று சொல்லிவிடக் கூடாது. தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் இடிபட்டு அசைகிறோமே, அந்த மாதிரி. வெப்பத்தால் மூலக்கூறுகள் முட்டுவதால் வருகிற நடுக்கம் அது. எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தால்தான் மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம்.

மோட்டாரின் பெயர் மயோசின். ஆக்டின் என்னும் புரத இழைமேல், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, ஒரு காலடிக்குச் சுமார் 35 நானோமீட்டராக நடக்கும். அது இழுக்கிற சரக்கோடு சேர்ந்து செல் திரவமும் நகரும். பச்சை மணிகளும் திரவத்தில் கரைந்த புரதங்களும் அந்த ஓட்டத்தில் போகின்றன.

மோட்டார் எதற்கு, புரதம் தானாகப் பரவினால் ஆகாதா? 10 மைக்ரோமீட்டர் செல்லைச் சிறிய புரதம் சில நொடியில் கடந்துவிடும். ஆனால் தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. முதுகுத்தண்டிலிருந்து கால்வரை போகும் நரம்புச் செல்லில் அப்படிப் போய்ச்சேர நூற்றாண்டுகள் ஆகும். அங்கே கினெசின் என்ற வேறொரு மோட்டார் சுமக்கிறது; அதன் ஒரு காலடி 8 நானோமீட்டர்.

5. வேகம்: செல்போனைக் கண்வில்லையில் வைத்து வீடியோ எடுங்கள். கண்வில்லையில் ‘10X/18’ என்று போட்டிருந்தால், 40 மடங்கு லென்ஸில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு 18 மில்லிமீட்டரை 40-ஆல் வகுத்தது, அதாவது 450 மைக்ரோமீட்டர். ஒரு மணி கடந்த தூரத்தை அதோடு ஒப்பிட்டு, நொடியால் வகுத்துவிடுங்கள். அப்புறம் ஸ்லைடைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்து, உடனே மறுபடி அளந்து பாருங்கள்.