பஹாமாஸில் அரசிடம் பதில் வாங்குவது எப்படி?

பஹாமாஸில் 2002, 2007, 2012, 2017, 2021 என ஐந்து பொதுத்தேர்தல்களிலும் ஆளுங்கட்சி தோற்றது. 2017ல் எஃப்.என்.எம். (ஃப்ரீ நேஷனல் மூவ்மெண்ட்) கட்சி 39 இடங்களில் 35ஐப் பிடித்தது. நான்கே ஆண்டில் அதை வீழ்த்தி பி.எல்.பி. (ப்ரோக்ரெஸிவ் லிபரல் பார்ட்டி) 32 இடங்களோடு வந்தது. கோபத்தை ஓட்டில் காட்ட இந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 நவம்பர் 25 அன்று தலைநகர் நாசோவின் தெருக்களில் கணக்கும் வெளிப்படைத்தன்மையும் கேட்டு ஊர்வலமும் போனார்கள். ஆனாலும் 'வாட் பணம் எங்கே போகிறது?' என்ற கேள்வி ஓயவில்லை. 2015 ஜனவரியில் 7.5 சதவீதமாக வந்த அந்த மதிப்புக்கூட்டு வரி 2018 ஜூலையில் 12 ஆனது, 2022 ஜனவரியில் 10க்கு இறங்கியது. தனிநபர் வருமான வரியே இல்லாத நாட்டில், கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் அரசுக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சுமார் 4 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு. எம்.பி.யையோ அமைச்சக ஊழியரையோ யாராவது ஒருவருக்கு நேரில் தெரிந்திருக்கும். அதனால் குறைகளைப் பெரும்பாலும் வாயால் சொல்கிறார்கள்: ஒரு போன், ரேடியோ நிகழ்ச்சியில் ஒரு அழைப்பு, வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு. சில சமயம் வேலை நடக்கவும் செய்யும். ஆனால் கோப்பில் ஒரு வரிகூட ஏறாது. அடுத்த மழையில் சாலை மறுபடி பெயர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனவே இங்கே சொல்வதெல்லாம் காகிதத்தில் கேட்கும் வழி. தோண்டிப்போட்டு மூடாத ஒரு சாலையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம் எதுவானாலும் முறை இதுதான்.

முதலில், அது யார் பொறுப்பு?

அதிகமான மனுக்கள் வீணாவது இந்த இடத்தில்தான். தலைநகர் நாசோ இருக்கும் நியூ பிராவிடன்ஸ் தீவில் மாநகராட்சி, ஊராட்சி எதுவும் கிடையாது. பொதுச் சாலை என்றால் நேரே பொதுப்பணி அமைச்சகம்தான். அபாகோ, ஆண்ட்ரோஸ், எலூத்ரா, எக்ஸூமா போன்ற வெளித்தீவுகளில் 1996 உள்ளாட்சிச் சட்டப்படி மாவட்டக் கவுன்சில்களும், மத்திய அரசு அனுப்பும் நிர்வாகி ஒருவரும் உண்டு. அங்கே கவுன்சிலுக்கும் நிர்வாகிக்கும் எழுதி, நகலை அமைச்சகத்துக்கு அனுப்புங்கள்.

கிராண்ட் பஹாமா தீவின் ஃப்ரீபோர்ட் தனி விஷயம். 1955ல் போட்ட ஹாக்ஸ்பில் க்ரீக் ஒப்பந்தத்தால் அங்கே நகர நிர்வாகமும் தொழில் உரிமமும் கிராண்ட் பஹாமா போர்ட் அத்தாரிட்டி என்ற தனியார் அமைப்பின் கையில் இருக்கின்றன. ஃப்ரீபோர்ட் பள்ளத்துக்கு நாசோ அமைச்சகத்தில் மனு கொடுத்தால் 'எங்கள் வேலை இல்லை' என்றுதான் பதில் வரும். அது நியாயமான பதிலும்கூட.

இன்னொரு சிக்கல் தனியார் மனைப்பிரிவுகள். மனை விற்றவர் சாலையை முறைப்படி அரசிடம் ஒப்படைக்காமலே போயிருந்தால், வீடுகள் நிறைந்த தெருவாக இருந்தாலும் அமைச்சகம் கைவைக்காது. 'இந்தச் சாலையை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறதா, எந்தத் தேதியில்?' என்பதை முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். இதற்கு 'இல்லை' என்று எழுத்தில் வந்தாலே பல மாத அலைச்சல் மிச்சம். குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் என்றால் வாட்டர் அண்ட் சூவரேஜ் கார்ப்பரேஷன், கேபிளுக்காக என்றால் பஹாமாஸ் பவர் அண்ட் லைட் அல்லது தொலைத்தொடர்பு நிறுவனம். தோண்டியவர் யார் என்று தெரியாவிட்டால் சந்தேகமுள்ள எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் எழுதி, ஒவ்வொரு கடிதத்திலும் மற்றவற்றைக் குறிப்பிடுங்கள். ஒருவரை ஒருவர் காட்டித் தப்பிக்க முடியாது.

கடிதம்

அமைச்சகத்தின் தலைமை அதிகாரியான நிரந்தரச் செயலாளர் பெயருக்கு எழுதுங்கள், அமைச்சருக்கு நகல் போதும். அமைச்சர் தேர்தலோடு போய்விடுவார். கோப்பும் செலவுக் கணக்கும் நிரந்தரச் செயலாளரின் பொறுப்பு. ஆங்கிலத்தில், ஒரே பக்கம், ஒரே விஷயம். சாலையோடு குப்பையையும் தெருவிளக்கையும் சேர்த்தால் மூன்று மேசைகளுக்குப் போக வேண்டிய காகிதம் முதல் மேசையிலேயே தங்கிவிடும்.

பஹாமாஸில் வீட்டுக்குத் தபால் வராது, அஞ்சல் பெட்டிக்குத்தான் வரும். அதனால் உங்கள் அஞ்சல் பெட்டி எண், மின்னஞ்சல், போன் மூன்றையும் எழுதுங்கள். பல தெருக்களில் வீட்டு எண்ணும் இருக்காது. சந்திப்பு, பக்கத்துச் சர்ச் அல்லது கடை, போனில் எடுத்த வரைபடக் குறியீடு இவற்றால் இடத்தைக் காட்டுங்கள். படத்தில் பள்ளம் மட்டும் தெரிந்தால் போதாது, இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்றும் சேர்ந்து தெரிய வேண்டும். ஆழத்தையும் நீளத்தையும் அளவுநாடா வைத்து எடுத்த படம் ஒன்று கட்டாயம்.

கடிதத்தின் உயிர் கேள்விகளில் இருக்கிறது. 'எப்போது சரிசெய்வீர்கள்?' என்று கேட்டால் 'விரைவில்' என்று எழுதிவிடலாம். கீழே உள்ளவற்றுக்கு அப்படி எழுத முடியாது:

'இந்தச் சாலைப் பணியின் ஒப்பந்ததாரர் யார்? ஒப்பந்தத் தொகை, கையெழுத்தான தேதி, முடிக்க வேண்டிய தேதி என்ன? இதுவரை கொடுத்த தொகை எவ்வளவு, பிடித்து வைத்திருக்கும் தொகை எவ்வளவு? வேலை முடிந்ததாகச் சான்று கொடுத்தாயிற்றா? குறைபாடுகளை ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எந்த நாளோடு முடிகிறது? மேற்சொன்ன ஒப்பந்தம், சான்று ஆகியவற்றின் நகலைத் தரவும்.'

குறைபாடுகளைச் சரிசெய்யும் காலம் பற்றிய கேள்விதான் பணத்தைக் காப்பாற்றும் கேள்வி. அந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறையை எழுத்தில் தெரிவித்தால் ஒப்பந்ததாரர் திரும்ப வந்து போட வேண்டும். காலம் முடிந்தபின் தெரிந்தால் அதே சாலைக்கு மக்கள் பணம் இரண்டாம் முறை போகும். ஆகவே பதில் வரும்வரை காத்திராமல், சாலை பெயரத் தொடங்கிய வாரத்திலேயே எழுதுங்கள்.

இரண்டு பிரதி எடுத்து நேரில் கொண்டுபோங்கள். உங்கள் பிரதியில் 'பெறப்பட்டது' முத்திரை, தேதி, வாங்கியவர் பெயர் மூன்றும் வேண்டும். அன்றே அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முத்திரை தர மறுத்தால், 'இன்ன நேரத்தில் இன்ன ஜன்னலில் கொடுத்தேன்' என்று அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். 14 நாள் கழித்து கோப்பு எண்ணைக் கேட்டு போன் செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் கடிதத்தின் நகலை இணைத்து இரண்டாவது கடிதம், இந்த முறை எம்.பி.க்கும் நகல். போனில் பேசியதை எல்லாம் தேதி, நேரம், பேசியவர், சொன்னது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மின்சாரம், தொலைபேசி, இணையம் பற்றிய புகார் என்றால் முதலில் நிறுவனத்திடமே புகார் எண் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் ஒழுங்குமுறை ஆணையமான யு.ஆர்.சி.ஏ.வுக்குப் போகலாம். புகார் எண் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பணத்தைத் தேடுவது

அரசின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பட்ஜெட் மே மாதக் கடைசியில் வரும். உங்கள் சாலை அடுத்த பட்ஜெட்டில் ஏற வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே கடிதம் போயிருக்க வேண்டும். ஜூனில் கேட்டால் ஓர் ஆண்டு போயிற்று.

பட்ஜெட் மதிப்பீட்டுப் புத்தகத்தில் அமைச்சகத்தின் தலைப்பைப் பிடித்து, நடப்புச் செலவு, மூலதனச் செலவு என இரண்டையும் தனித்தனியே பாருங்கள். புதிய சாலை மூலதனத்தில் இருக்கும். ஒதுக்கிய தொகையைச் செலவான தொகை என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடுத்தடுத்த மூன்று ஆண்டுப் புத்தகங்களை அருகருகே வைத்தால், ஒதுக்கி, செலவழிக்காமல் விட்டு, மறுபடி ஒதுக்கிய வரிகள் கண்ணில் படும். தெருப் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'சாலைப் பராமரிப்பு' என்று மொத்தமாக ஒரு வரி இருக்கும். அந்த வரியின் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டு, அதிலிருந்து எந்தெந்தத் தெருவுக்குச் செலவானது என்ற பட்டியலைக் கேளுங்கள்.

ஒப்பந்தங்களை வெளியிட வேண்டும் என்ற விதி 2021 பொதுக் கொள்முதல் சட்டத்தோடு வந்தது. 2023ல் புதிய சட்டம் அதன் இடத்தில் அமர்ந்தது. உங்கள் ஒப்பந்தம் எந்த நாளில் கையெழுத்தானதோ, அந்நாளில் இருந்த சட்டத்தைத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். தேதியைத் தவறவிட்டால் அதையே காரணமாகக் காட்டிப் பதிலைத் தட்டிக்கழிப்பார்கள்.

தணிக்கைத் தலைவர் அரசியலமைப்பின் 136ஆம் பிரிவின்கீழ் இயங்குபவர். அறிக்கையைச் சபாநாயகருக்குத் தருவார், அது மக்களவையில் தாக்கலாக வேண்டும். அறிக்கைகள் தாமதமாகத்தான் வரும், ஆனாலும் படியுங்கள். 'ஆவணம் காட்டப்படவில்லை', 'ரசீது இல்லை' என்ற வரிகள் எந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து எழுதும் கடிதத்துக்கு வலு அதிகம். அரசுச் செலவை ஆராயும் மக்களவையின் பொதுக்கணக்குக் குழுவில் எதிர்க்கட்சிக்குத்தான் பெரும்பான்மை. அவையில் தாக்கலான ஆவணங்களுக்கு வெளியே அந்தக் குழு போகலாமா என்பதில் சபாநாயகரோடு மோதல் நடந்திருக்கிறது. அதனால் குழுவுக்கு எழுதும்போது, எந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கை, எந்தப் பத்தி என்று சுட்டுங்கள்.

எம்.பி.க்கள், செனட்டர்கள், மூத்த அதிகாரிகள் தங்கள் சொத்து, வருமானம், கடன் விவரத்தை ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் தர வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் சொத்து வெளியீட்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் எம்.பி.யிடம் 'இந்த ஆண்டு கொடுத்துவிட்டீர்களா, எந்தத் தேதியில்?' என்று ஏப்ரலில் எழுத்தில் கேட்பது நியாயமான, எளிமையான கேள்வி. எல்லாத் தொகுதியிலும் யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் பற்றி

இதில் ஏமாற வேண்டாம். 2012ல் ஒரு சட்டம் நிறைவேறி அமலுக்கே வராமல் போனது. 2017ல் இன்னொன்று வந்தது. 2018 மார்ச் 1 அன்று அதிலிருந்து, முறைகேட்டை வெளியே சொல்பவருக்கான பாதுகாப்பும் தகவல் ஆணையர் நியமனமும் மட்டும் அமலாயின. மக்கள் ஆவணம் கேட்கும் உரிமை அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருந்தது. ஒரு ஜனநாயக நாட்டில் இது பெரும் அநீதி, அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மனு எழுதும் முன், நீங்கள் கேட்கும் துறைக்கு அந்தப் பகுதிகள் அமலாகிவிட்டனவா என்று அரசிதழில் பாருங்கள். ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், விளக்கம் கேட்காமல் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்கப் பழகுங்கள். ஏனென்றால் அந்தச் சட்டம் திறப்பது ஆவணத்தைத்தான். மேலே உள்ள மாதிரிக் கடிதம் அதனால்தான் நகல் கேட்டு முடிகிறது.

கோர்ட்டும் பத்திரிகையும்

ஒரே ஓர் எண்ணை நினைவில் வையுங்கள்: 12 மாதம். 1995 காலவரையறைச் சட்டப்படி, பொதுக் கடமையைச் செய்ததற்காகவோ செய்யத் தவறியதற்காகவோ அரசு அமைப்புகள்மீது வழக்குத் தொடர அவ்வளவுதான் அவகாசம். பள்ளத்தில் விழுந்து அச்சு முறிந்த காருக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் விபத்து நாளிலிருந்து எண்ணுங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற கடிதங்கள் வந்துகொண்டே இருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்பதாக நினைக்க வேண்டாம். எட்டாவது மாதத்திற்குள் வழக்கறிஞரைப் பாருங்கள். அரசு முடிவே சட்டத்துக்குப் புறம்பானது என்று சுப்ரீம் கோர்ட்டில் சீராய்வு கேட்பது வேறு வழி. அதற்கு முதலில் கோர்ட்டின் அனுமதி வேண்டும், தாமதித்தால் அதுவே நிராகரிக்கக் காரணமாகும். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் தலையில் விழலாம். தனியாள் போவதைவிடச் சங்கமாகப் போவது நல்லது.

பத்திரிகைக்கோ ஃபேஸ்புக்குக்கோ போகும் முன் ஒரு எச்சரிக்கை. பஹாமாஸில் அவதூறு இன்னும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. 'திருடினார்' என்று எழுதாதீர்கள். 'இந்த ஒப்பந்தத்தில் இவ்வளவு தொகை கொடுத்ததாக இந்த ஆவணம் சொல்கிறது, இந்தத் தேதியில் சாலை இப்படி இருந்தது, இந்தக் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை' என்று எழுதுங்கள். வெளியிடுவதற்கு ஏழு நாள் முன்பு அந்த வரிகளை நிரந்தரச் செயலாளருக்கு அனுப்பிப் பதில் கேளுங்கள். பதில் வந்தால் ஒரு சொல்லும் வெட்டாமல் கூடவே போடுங்கள். வராவிட்டால், அனுப்பிய தேதியைப் போடுங்கள்.