மலிவான சவரக்கத்தி: ஆயிரம் நம்பர் கல்லில் முடியாத வேலை பன்னிரண்டாயிரத்தில் முடியாது

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் தன் சவரக்கத்தியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எண்ணூறு ரூபாய்க் கத்தி. கூடவே ஒரு பையில் நாலு தீட்டுக்கல், பச்சைப் பசை, கடைசியில் கூரை நீவிவிடுகிற தோல் வார் இரண்டு என்று எட்டாயிரத்துக்குக் குறையாத சாமான். "எல்லாம் பண்ணிட்டேண்ணே, இன்னும் முடியைப் பிடுங்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பையோடு நானும் ஒருத்தர் முன்னால் போய் நின்றிருக்கிறேன்.

கத்தியைக் கன்னத்தில் நிமிர்த்திப் பிடிக்காதே, அவசரப்படாதே என்பதையெல்லாம் முதல் கீறலிலேயே உங்கள் தோல் சொல்லிக்கொடுத்துவிடும். அதற்கு நான் வேண்டாம். வாங்குவதிலும் தீட்டுவதிலும் வைப்பதிலும் நடக்கிற தப்புகள்தான் இங்கே.

படத்தைப் பார்த்து வாங்குவது

எலும்புப் பிடி, பித்தளைப் பூ வேலை, அலகு முழுக்க அலை அலையாக டமாஸ்கஸ் கோடு. ஆயிரம் ரூபாய்க்குள் இதெல்லாம் வருகிறது என்றால் காசு எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எஃகுக்குப் போயிருக்காது. சரியாகப் பதம் ஏற்றாத எஃகை எத்தனை நாள் தீட்டினாலும் கூர் நிற்காது. அலங்காரம் இல்லாத சாதா கார்பன் எஃகுக் கத்தி, அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம், இது போதும். வந்ததும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் (வெட்டுகிற ஓரமும்) நுனியிலிருந்து பிடி வரை கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஒரு மூலையை விரலால் தட்டும்போது ஆடினால் திருப்பி அனுப்பிவிடலாம். சீனத்து மலிவுக் கத்திகள் நான் தீட்டியவரை எஃகு மோசமில்லை, தேய்த்து உருவாக்கிய விதத்தில்தான் கோணல். கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் அல்லது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்ப் பழைய கத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டில் கறை இருந்தால் பரவாயில்லை, துரு வாயையே அரித்துக் குழி விட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பெட்டியிலிருந்து எடுத்து நேராக முகத்தில் வைப்பது

அந்தக் கூர் தக்காளிக்குப் போதும்.

சாணைச் சக்கரத்தில் கொடுப்பது

கூடவே கூடாது. அரிவாள்மனைக்குச் சரி. சவரக்கத்தியின் வாய் அவ்வளவு மெல்லிசு, சக்கரம் பட்ட சில நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போச்சு.

வாய் கூடாத கத்திக்குப் பாலிஷ் போடுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கத்தியின் இரண்டு பக்கச் சரிவும் கீழே வந்து ஒரே கோட்டில் கூடினால்தான் அது கூர். அந்தக் கூடலை உண்டாக்குவது 1000 கிரிட் கல் (கிரிட் என்பது கல்லின் நம்பர், நம்பர் ஏற ஏற கல் நைஸ்). அதற்கு மேலே வருகிற 4000, 8000, 12000 எல்லாம் முந்தைய கல் போட்ட கீறலை அழித்து நைஸாக்கத்தான் இருக்கின்றன. சரிவுகள் கூடாமல் நடுவில் முடியிழை அளவு மொட்டை நின்றாலும், 12000 கல் சரிவை மட்டும் கண்ணாடி மாதிரி மினுக்கிவிட்டு மொட்டையை அப்படியே விட்டுவிடும். மினுமினுப்பைப் பார்த்து நாம் ஏமாந்துபோவோம்.

நான் இரண்டு மாதம் ஏமாந்தேன். 8000 வரை தீட்டினேன், பிடுங்கியது. நாலு கத்தி விலை கொடுத்து 12000 கல் வாங்கினேன், அப்பவும் பிடுங்கியது. குரோமியம் ஆக்சைடு என்கிற அந்தப் பச்சைப் பசை, அப்புறம் இன்னொரு வார். கழுத்தெல்லாம் சிவந்து சட்டைக் காலர் பட்டாலே எரியும். கடைசியில் பேருந்து நிலையத்துப் பக்கம் சலூன் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனேன். எல்லா சலூனையும் போல அவரும் இப்போது பாதி பிளேடை உடைத்துப் போடுகிற பிடிதான் வைத்திருக்கிறார், ஆனால் கற்றுக்கொண்டது பழைய கத்தியில். என் கத்தியை வாங்கி, வாய் மேலே பார்க்கிற மாதிரி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, மெதுவாகச் சாய்த்தார்.

"இங்க பாருங்க தம்பி, பிடி ஓரத்துல வெள்ளையா ஒரு நூல் ஓடுது. வாய் கூடியிருந்தா வெளிச்சம் நிக்க இடம் ஏது?"

ஒரு விரல் அகலத்துக்கு அந்த நூல் இருந்தது. காரணமும் பிடி ஓரத்திலேயே இருந்தது. அலகு தடித்துப் பிடியோடு சேருகிற இடத்தில் மலிவுக் கத்திகளுக்கு ஒரு முண்டு இருக்கும். அந்த முண்டு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பக்கத்து வாயைத் தூக்கிவிடுகிறது. நான் தீட்டிய அத்தனை நாளும் அந்த இடம் கல்லைத் தொடவே இல்லை.

மார்க்கர் பேனாவால் சரிவு முழுக்க மை பூசி, 1000 கல்லில் அழுத்தாமல் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே கல் படவில்லை. உடனே விரலால் அமுக்காதீர்கள், அலகு வளையும், வேறெங்கோ தேயும். முண்டு கல்லுக்கு வெளியே தொங்குகிற மாதிரி கத்தியைத் தள்ளிப் பிடித்துத் தீட்டுங்கள், அல்லது முண்டையே வைரத்தூள் பதித்த தகட்டில் தேய்த்துக் கரையுங்கள். அப்புறம் வெள்ளை நூல் மறையும் வரை, கை முடியை நுனி, நடு, அடி மூன்றும் ஒரே மாதிரி வழிக்கும் வரை, 1000-ஐ விட்டு நகரக் கூடாது. புதுக் கத்திக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். எனக்கு எரிச்சல் வருவதே இந்த எண்ணிக்கைக் கணக்கைக் கேட்டால்தான்: 1000-ல் ஐம்பது, 4000-ல் ஐம்பது, 8000-ல் ஐம்பது என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். உங்கள் கத்தி எத்தனை கோணல் என்று ஐம்பதுக்கு எப்படித் தெரியும்?

முதுகைத் தூக்குவது

சமையல் கத்தி தீட்டிய கை செய்கிற வேலை. சவரக்கத்தியின் கோணம் அதன் முதுகுத் தடிமனிலேயே இருக்கிறது. முதுகு கல்லை விட்டு எழவே கூடாது.

குழிந்த கல்

பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் விரித்த ஈரமான உப்புத்தாளில் தேயுங்கள். கட்டம் முழுக்க அழிந்தால் கல் சமம்.

தோல் வாரில் திசை மாறுவது

கல்லில் வாய் முன்னே போகும், வாரில் முதுகு முன்னே போகும். திருப்பும்போது முதுகின் மேல் உருட்ட வேண்டும். வாரைத் தொய்ய விடக் கூடாது, தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். என் முதல் வாரில் குறுக்கே மூன்று வெட்டு இருக்கிறது, விளக்கம் தேவையில்லை.

குளியலறையில் வைப்பது

கார்பன் எஃகு. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, வேறு எங்காவது வையுங்கள்.

அந்தத் தம்பியின் கத்தியையும் டியூப்லைட்டில் பிடித்துக் காட்டினேன். நூல் என்ன, கயிறே ஓடியது. 1000 கல்லை மட்டும் கையில் கொடுத்து, மற்ற மூன்றையும் பசையையும் என் அலமாரியில் வைத்துக்கொண்டேன், வெளிச்சம் மறைந்ததும் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி. இன்னும் வரவில்லை.