துண்டும் தொப்பியும் எத்தனை கிராம்?

பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர், போன வாரம் பிறந்த குழந்தை ஒன்றுக்கு உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று அதன் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்துவிட்டு "பள்ளம் இல்ல, நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றார்கள். 15 வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். உதடு காய்வது, கண் உள்வாங்குவது எல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விடுங்கள். நாம் தவறு செய்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

உச்சிக்குழியை நம்பி இருப்பது

பிறந்த குழந்தைக்குப் பால் போதாமல் நீர் வற்றும்போது ரத்தத்தில் சோடியம் ஏறும். அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் செல்லுக்கு வெளியே நிற்பதால் தோலைக் கிள்ளி விட்டாலும் சட்டென்று பழையபடி ஆகிவிடலாம், உச்சிக்குழியும் பள்ளமாகாமல் இருக்கலாம். தோல் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். வயிற்றுப்போக்கு வந்த 1 வயதுப் பிள்ளையிடம் பார்க்கிற அடையாளங்களை 3 நாள் குழந்தையிடம் தேடினால் ஏமாந்து போவோம். கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது இன்னும் வேடிக்கை. பிறந்த புதிதில் அழுதாலும் பெரும்பாலும் கண்ணீர் வராது.

துணியோடு எடை போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். முதல் கோபம் என்மேல்தான்.

சித்திரை வெயில். சிசேரியன் ஆன தாய், குழந்தைக்கு 3-ஆம் நாள். பிறந்த எடை 3.100 கிலோ. துண்டை விலக்கப் போனேன். "பச்ச உடம்பு, குளிரும் தாயி, கழட்டாத" என்றார் பாட்டி. சரி என்று தொப்பி, சட்டை, துண்டோடு வைத்தேன். 2.900 காட்டியது. 200 கிராம் குறைவு, சுமார் 6.5 சதவீதம். முதல் சில நாளில் 7 சதவீதம் வரை குறைவது சகஜம்தானே என்று எழுதி வைத்துவிட்டேன். பக்கத்திலேயே 'நன்றாகத் தூங்குகிறது' என்றும் எழுதினேன். சமத்துப் பிள்ளை, அழவே இல்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். அழத் தெம்பில்லாமல் கிடந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இரவு டியூட்டிக்கு வந்த சிஸ்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடை போட்டார். 2.760. அதாவது 11 சதவீதம் போயிருக்கிறது. 10 சதவீதத்தைத் தாண்டினாலே டாக்டரைக் கூப்பிட்டாக வேண்டும். ரத்தத்தில் சோடியம் 158, 145-ஐத் தாண்டக் கூடாது. 140 கிராம் துணி அத்தனையையும் மறைத்திருந்தது. குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போனது. ஆனால் அந்த 8 மணி நேரம் வீணானது என்னால்.

மெஷினில் துணி விரித்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வெறும் உடம்போடு வையுங்கள். தினமும் ஒரே மெஷின். கிராமை மட்டும் எழுதாமல் சதவீதம் போடுங்கள். 200 கிராம் என்பது 3.5 கிலோ குழந்தைக்கு ஒன்றுமில்லை, 2 கிலோ குழந்தைக்கு ஆபத்து.

டயப்பர்

ஜெல் டயப்பரில் சிறுநீர் போனதே தெரியாது. பழைய காட்டன் துணி கட்டி எண்ணுங்கள். முதல் நாள் 1, அடுத்த நாள் 2, மூன்றாம் நாள் 3, ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது 6. துணியில் செங்கல் நிறக் கறை முதல் இரண்டு நாள் இருக்கலாம். பாட்டிமார் ரத்தம் என்று பதறுவார்கள், ரத்தமில்லை. ஆனால் 4-ஆம் நாளும் கறை இருந்தால், மலமும் இன்னும் கருப்பாகவே இருந்தால், பால் போதவில்லை என்று அர்த்தம்.

"பால் குடிச்சுதா?" என்று கேட்பது

குடித்தது என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

டிரிப்ஸை வேகமாக ஓட விடுவது

ஏறிய சோடியம் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். சடாரென்று இறங்கினால் மூளை வீங்கி வலிப்பு வரும். டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டு கூடாது.

சர்க்கரைத் தண்ணீர்

வேண்டாம். யார் சொன்னாலும்.