மலையேற ஜிபிஎஸ் வாங்குகிறீர்களா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் வனத்துறை அனுமதியோடு காட்டுக்குள் நடப்பவர்கள் கையடக்க ஜிபிஎஸ் வாங்கும்போது, பட்டன் உள்ளதா என்று முதலில் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈர விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது.

கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் மாடல்கள் இரண்டும் சாதாரண ஏஏ பேட்டரி இரண்டில் 25 மணி நேரம் வரை ஓடும். ஆனால் 22எக்ஸில் காந்தத் திசைகாட்டி கிடையாது. நீங்கள் நடந்தால்தான் திசை தெரியும். மரம் அடர்ந்த இடத்தில் வழி பிரியும்போது நின்ற இடத்திலேயே திசை தெரிய வேண்டாமா? கூடுதல் காசு போனாலும் 32எக்ஸ்தான் நல்லது.

இலைக்கூரையும் மலைச்சரிவும் சிக்னலைக் குழப்பும். அதற்கு மல்டிபேண்ட் வசதியுள்ள, அதாவது செயற்கைக்கோள் சிக்னலை ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசையில் வாங்கும், கார்மின் ஜிபிஎஸ்மேப் 67 இன்னும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், விலைதான் அதிகம். பெயரின் கடைசியில் 'ஐ' (i) என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த மாடல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் வழக்காகிவிடும். வளைகுடாவிலிருந்து வாங்கி வரும் சொந்தக்காரர்களிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வரைபடத்தை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்திய இடத்தைக் காட்டுக்குள் நுழையும் முன்பே, வெட்டவெளியில் நின்று குறித்துக்கொள்ளுங்கள்.